ஓடருக்குப் பிறகு பூட்டும் படகு: இருப்பும் ஒதுக்கீடும்

ஓடர் வந்த பிறகு பூட்டிக் கொடுக்கும் உற்பத்தியில் முடிந்த பொருள் களஞ்சியத்தில் நிற்பதில்லை; பாகங்கள்தான் காத்திருக்கும். வாங்குபவர் நீளத்தையும் எஞ்சினையும் சொன்ன பிறகே அவை ஒன்றுசேரும். வென்னப்புவ, மாரவில, சிலாபம் தொடங்கிக் கற்பிட்டி வரையான கரையில் பைபர் படகு கட்டும் பட்டறைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. படகை முழுதாகக் கட்டி வைத்துவிட்டு ஆளைத் தேடும் அளவுக்கு அவற்றிடம் முதல் கிடையாது. ஓடர் வந்த பிறகே எல்லாவற்றையும் வாங்கத் தொடங்கினாலோ மீன்பிடிப் பருவம் கைவிட்டுப் போய்விடும். ஆகவே சிலவற்றை முன்கூட்டியே வாங்கியும் வார்த்தும் வைத்துக்கொண்டு, கடைசிப் பூட்டை மட்டும் ஓடருக்கு விட்டுவைக்கிறார்கள்.

இதன் இலாபம் எண்ணிக்கையிலேயே தெரியும். மூன்று நீளத்தில் உடல், நான்கு குதிரைவலுவில் எஞ்சின், ஒவ்வொரு எஞ்சினிலும் நெட்டைத் தண்டு அல்லது கட்டைத் தண்டு, ஐஸ் பெட்டி வைத்தது அல்லது வைக்காதது என்று கொண்டால் 48 விதமான படகுகள் வரும். களஞ்சியத்தில் வைக்க வேண்டியவையோ 3 வகை உடல், 8 வகை எஞ்சின், ஒரு வகைப் பெட்டி, மொத்தம் 12. வருகிற பருவத்தில் 48 விதத்தில் எது எத்தனை போகும் என்று ஊகிப்பது யாராலும் ஆகாது. பன்னிரண்டை ஊகிக்கலாம். 1990களில் டெல் நிறுவனம் கணினி விற்றதும் இந்தக் கணக்கின் மேல்தான். ஆனால் இதோடு ஒரு புதிய சிக்கலும் சேர்ந்து வருகிறது. ஒரே எஞ்சினுக்கு நாலு ஓடர் உரிமை கேட்கும். எவ்வளவு வைத்திருப்பது என்ற கேள்வியோடு, இருப்பதை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியும் களஞ்சியக் காப்பாளரின் மேசைக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது கேள்விதான் கடினமானது. பட்டறைகள் தடுமாறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

மரக்கலக் காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. தெப்பமும் வள்ளமும் மரத்தில் தொடங்கி ஓர் ஆளிடம் முடிந்தன. ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. 1960களின் இறுதியில் நோர்வே உதவியுடன் காரைநகரில் சீநோர் நிறுவனம் தொடங்கிய பிறகு கண்ணாடியிழை உடல் இலங்கைக் கரைகளில் பரவியது. வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய பைபர் படகு இன்று கடற்றொழில் திணைக்களப் பதிவில் ஒரு தனி வகை. அச்சு வந்ததும் ஒரே உடல் திரும்பத் திரும்பப் பிறந்தது. பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றத் தக்கவையானபோது ஒதுக்கீடு என்ற வேலையும் பிறந்தது.

இந்தக் கரையில் கேள்வி சீராக வருவதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை சோழகம் வீசும். மேற்குக் கடல் சிறு படகுக்கு இடம் கொடுக்காது. ஒக்டோபரில் தணிந்து ஏப்ரல் வரை தொழில் நடக்கும். ஆகவே ஓடர்களில் பெரும்பங்கு சோழகத்தின் பின்பாதியில் குவியும். கடல் அடங்கும் நாளில் படகு மணலில் நிற்க வேண்டும் என்பதே எல்லாருடைய நிபந்தனையும். சோழக காலத்தில் முல்லைத்தீவுப் பக்கமும் கிழக்கிலும் வாடி போடப் போகிறவர்களால் ஏப்ரலுக்கு முன் இன்னொரு சிற்றலை எழும். புத்தளம் களப்பிலும் சிலாபம் களப்பிலும் தொழில் செய்பவர்களின் சிறிய ஓடர்கள் மட்டுமே ஆண்டு முழுவதும் மெதுவாக வந்துகொண்டிருக்கும்.

பணத்தின் ஓட்டம் இதற்கு நேர் எதிர். ஓடர் கொடுக்கும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்கள் கடற்றொழிலாளியின் கை காய்ந்த மாதங்கள். முற்பணம் சிறியதாகவே இருக்கும், மீதி பருவம் பிடித்த பிறகே வரும். பட்டறை தன் முதலை மிக அதிகமாக முடக்க வேண்டிய நேரமும் உள்ளே பணம் மிகக் குறைவாக வரும் நேரமும் ஒன்றாகவே விழுகின்றன. இதை உணராமல் போடும் இருப்புத் திட்டம் தாளில் அழகாக இருந்தாலும் செப்டெம்பரில் உடையும்.

பாகங்களை விலைப்படி வகுப்பதைவிட, வந்துசேர எடுக்கும் காலப்படி வகுப்பதே பட்டறைக்குப் பயன்படும். எல்லாவற்றிலும் தூரத்திலிருந்து வருவது எஞ்சின். யமஹா, சுசுக்கி போன்றவை கொழும்பு முகவர் வழியாக வருகின்றன; முகவரிடம் கேட்ட வலு இல்லையென்றால் காத்திருப்பு மாதக்கணக்கு. ரெசினும் கண்ணாடியிழை மேட்டும் ரோவிங்கும் இறக்குமதிதான், ஆனாலும் கொழும்பில் இருப்பு வைத்திருப்போர் உண்டு. பிளைவூட், பலகை, போல்ட், வண்ணம் எல்லாம் சில நாட்களில் லொறி ஏறி வந்துவிடும்.

ரெசின் மற்றவற்றைப் போல அமைதியாகக் காத்திருக்கும் பொருளன்று. பொலியெஸ்டர் ரெசினுக்கு ஆயுள் உண்டு. நிழலும் குளிர்ச்சியும் இருந்தால் மூன்று முதல் ஆறு மாதம் தாங்கும்; புத்தளத்து வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்தால் அதற்கு முன்பே பீப்பாய்க்குள் தடிக்கத் தொடங்கும். எனவே மலிவாகக் கிடைக்கிறது என்று ஆண்டுத் தேவையை ஒரே தடவையில் வாங்குவது இங்கே சேமிப்பாகாது. பழைய பீப்பாய் முதலில் வெளியேற வேண்டும். வந்த தேதியைப் பீப்பாயின் மேல் பெரிதாக எழுதி வைப்பது கட்டாயம். மேட் வேறு விதமாகக் கெடும். ஈரத்தை உறிஞ்சிய மேட்டில் ரெசின் சரியாக ஊறாது. பிறகு அடுக்கு பிரியும். ஒக்டோபர், நவம்பர் மழை இறங்கும்போது வார்ப்பு வேலை மெதுவாகும். செப்டெம்பரில் ஒரு வாரம் தவறவிட்ட பட்டறை ஒக்டோபரில் அதைவிட அதிகமாக இழப்பது இதனால்தான்.

ரெசின் தேவையைத் தனியாக ஊகிக்க வேண்டியதில்லை. மேட்டின் எடைக்கு இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின், ரோவிங்கின் எடைக்கு ஏறக்குறையச் சம அளவு, அந்த ரெசினின் எடையில் 1 முதல் 2 சதவீதம் கெற்றலிஸ்ட் என்று எல்லாம் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. ஓர் உடலுக்கு இத்தனை கிலோ மேட் என்று எழுதப்பட்ட பட்டியல் இருந்தால் மற்றவை அதிலிருந்து விழும். பட்டியலுக்கும் உண்மையில் செலவானதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு உடலுக்கும் குறித்து வந்தால் வீணும் களவும் இரண்டும் வெளியே தெரியும். அதைவிட முக்கியமாக, மேட்டைக் குறைத்து வார்த்த உடலும் தெரிந்துவிடும். அந்த உடலில் கடலுக்குப் போகிறவரின் உயிர் இருக்கிறது.

அச்சும் ஒரு பாகம் போலவே எண்ணப்பட வேண்டும். ஓர் அச்சில் ஒரு நேரத்தில் ஓர் உடல்தான். இறுகும் வரை அச்சு விடுபடாது. மந்தமான மாதங்களில் அச்சு சும்மா கிடப்பதும் பருவத்துக்கு முன் அச்சுக்கு வரிசை நிற்பதும் எல்லாப் பட்டறைகளிலும் காணும் காட்சி. ஓடர் வராத மாதத்தில் உடல்களை வார்த்து வைப்பதே இதற்கு மருந்து. ஆனால் எது வரை வார்ப்பது? அச்சுக்குள் முதலில் பூசுவது ஜெல்கோட். வண்ணம் அதில்தான் இருக்கிறது. கடைசியில் முடிவாக வேண்டிய ஒன்று முதல் அடுக்கிலேயே முடிந்துவிடுகிறது. நீலத்தில் வார்த்த உடலைப் பச்சை கேட்பவருக்கு விற்க முடியாது. அந்த உடல் ஒருவருக்காகவே பிறந்து, அவர் வராவிட்டால் வெயிலில் மங்கும். இருப்புக்கு வார்க்கும் உடல்கள் எல்லாம் வெள்ளை ஜெல்கோட்டில் இருப்பதே நல்லது. பட்டையும் பூவும், சிலாபத்தார் கேட்கும் புனிதரின் பெயரும் உடப்பார் கேட்கும் அம்மன் பெயரும் பூட்டு முடிந்த பிறகு தூரிகையால் வரட்டும். பார்வைக்குச் சிறிய இந்த ஒரு மாற்றம் ஐந்தாறு வண்ணத்துக்குப் பிரிந்து கிடந்த இருப்பை ஒரே குவியலாக்குகிறது.

குவியலின் பலனைக் கணக்கிடலாம். ஒன்றையொன்று சாராமல், ஒரே அளவில் ஏறி இறங்கும் நாலு வகைக் கேள்விக்குத் தனித்தனியாகக் காப்பிருப்பு வைப்பதற்குப் பதில் ஒரே பொது இருப்பாக வைத்தால், அதே பாதுகாப்புக்குப் பாதி காப்பிருப்பு போதும்; இரண்டு வகையாக இருந்தால் ஏறத்தாழ 71 சதவீதம். ஆனால் சோழகம் நீண்டால் எல்லா வகை ஓடரும் சேர்ந்தே தள்ளிப்போகும், கடல் முந்தி அடங்கினால் எல்லாம் சேர்ந்தே வரும். அந்த அளவுக்குப் பலன் குறையும். இந்தக் கரையில் அதை மறக்கக் கூடாது.

பின்பலகையில் இதே பாடம் வேறு வடிவில் வருகிறது. கட்டைத் தண்டு எஞ்சினுக்குப் பின்பலகை ஏறத்தாழ 15 அங்குலம், நெட்டைத் தண்டுக்கு 20. உயரம் பொருந்தாவிட்டால் சுழலி ஒன்று காற்றில் நிற்கும் அல்லது அதிகம் ஆழ்ந்து இழுக்கும். உயரமாக வார்த்த பின்பலகையை வெட்டித் தாழ்த்தலாம். தாழ்வாக வார்த்ததை உயர்த்துவது பெருவேலை. ஆகவே இருப்பு உடல்கள் எல்லாம் 20 அங்குலத்தில் இருக்கட்டும். கட்டைத் தண்டு கேட்டால் வெட்டி, வெட்டு வாயில் தெரியும் பிளைவூட்டை மேட்டும் ரெசினும் வைத்து முழுமையாக மூட வேண்டும். மூடாத வெட்டில் உப்புநீர் புகுந்து உள்ளே அழுகும். அது வெளியே தெரியும் நாளில் எஞ்சின் ஆடத் தொடங்கியிருக்கும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகும், திரும்ப ஈடாகாது என்ற இந்த ஒருவழி மாற்று பல பாகங்களில் உண்டு. அதைப் பட்டியலில் எழுதி வைத்திருக்கும் பட்டறை தட்டுப்பாட்டை எளிதாகக் கடக்கும்.

ஒரு படகு முடிய எல்லாப் பாகமும் ஒரே நேரத்தில் வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான். இருபது வகைப் பாகம் வேண்டும், ஒவ்வொன்றும் கேட்ட நேரத்தில் கையில் இருக்க 95 சதவீதம் வாய்ப்பு என்று வைப்போம். தனித்தனியாகப் பார்த்தால் நல்ல களஞ்சியம். இருபதும் சேர்ந்து இருக்க வாய்ப்போ 36 சதவீதம். மூன்று ஓடரில் இரண்டு ஏதோ ஒன்றுக்காக நிற்கும். ஒவ்வொன்றையும் 99.5 சதவீதத்துக்கு உயர்த்தினால் சேர்ந்த வாய்ப்பு 90ஐத் தாண்டும். எல்லாவற்றையும் அப்படி உயர்த்தப் பணம் இல்லை, உயர்த்தவும் வேண்டாம். துருவேறா எஃகு போல்ட், எண்ணெய்க் குழாய், கவ்வி, பசை, மணல்தாள் போன்ற மலிவுச் சாமான்களைத் தீரவே விடாத அளவுக்கு வாங்கிக் குவிக்கலாம். ஐம்பது ரூபாய்ச் சாமானுக்காகப் பல இலட்ச ரூபாய் எஞ்சின் காத்து நிற்பது களஞ்சியத்தின் மிக மலிவான தவறு. மிக அதிகம் நடப்பதும் அதுவே. அங்கே கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டால், எஞ்சினிலும் உடலிலும் மட்டும் கவனத்தைச் செலுத்த முடியும்.

எஞ்சினை எவ்வளவு முன்கூட்டி வாங்குவது என்பதற்குப் பத்திரிகை விற்பவரின் பழைய கணக்கே உதவும். இல்லாமல் போனால் வரும் இழப்பு, மிஞ்சிக் கிடந்தால் வரும் இழப்பைப் போல மூன்று மடங்கு என்றால், நாலு பருவத்தில் மூன்றில் போதுமான அளவு வாங்க வேண்டும். அதிகம் போகும் வலுவில் மிஞ்சிய எஞ்சின் அடுத்த பருவத்தில் போய்விடும். அபூர்வமாகக் கேட்கப்படும் வலு ஆண்டுகள் கிடக்கும். இரண்டுக்கும் ஒரே விதி வைக்கக் கூடாது. கிடக்கும் காலத்தில் உப்புக் காற்றும் சும்மா இருப்பதில்லை.

மற்றப் பாகங்களை எஞ்சினோடு ஒத்திசைக்க வேண்டும். சுவீடனைச் சேர்ந்த காய் ரோஸ்லிங் 1989இல் பொருத்தல் உற்பத்தி பற்றிய ஆய்வில் காட்டியது இதுதான்: மிக நீண்ட காலம் எடுக்கும் பாகத்தில் தொடங்கி, மற்றவற்றை அதன் பின்னால் ஒரே சங்கிலியாக வரிசைப்படுத்தலாம். பட்டறை மொழியில் சொன்னால், மூன்று மாதத்தில் வரும் எஞ்சின் பத்துக்குத்தான் ஓடர் போயிருக்கிறது என்றால், ஒரு மாதத்தில் வரும் மேட்டைப் பதினைந்து படகுக்கு வாங்குவதில் பொருளில்லை. எஞ்சின் வரும் தேதிக்கு ஒரு மாதம் முன்பு, வரப்போகும் எண்ணிக்கைக்கு மட்டும் வாங்கினால் போதும். முந்தி வாங்கிய மேட் படகாகாது, ஈரம் குடிக்கும்.

இனி ஒதுக்கீடு. முதலில் வந்தவருக்கு முதலில் என்பது நியாயமாகத் தோன்றும். பாதி இடங்களில் நியாயமும்கூட. ஆனால் அதைப் பாகம் பாகமாகக் கடைப்பிடித்தால் எல்லாருக்கும் தாமதம் உண்டாகும். ஒரு நிலையைப் பார்க்கலாம். 25 குதிரைவலு எஞ்சின் ஒன்று கையிலும் இன்னொன்று மூன்று வாரத்தில் வருவதாகவும் இருக்கிறது. முதல் ஓடர் 23 அடிப் படகு. உடல் அச்சிலிருந்து வெளிவர மூன்று வாரம் ஆகும். இரண்டாவது ஓடர் 18 அடி, உடல் தயார். வரிசைப்படி எஞ்சினை முதலாமவருக்குக் கட்டினால் அது மூன்று வாரம் சும்மா நிற்கும்; அவருக்கு ஒரு நாளும் முந்தாது. இரண்டாமவருக்குக் கொடுத்து, வருவதை முதலாமவருக்குக் கட்டினால் இரண்டாமவர் இன்றே படகோடு போவார்; முதலாமவருக்கும் சொன்ன தேதி தவறாது. தட்டுப்பாடான பாகத்தை, அதோடு சேர வேண்டிய மற்ற எல்லாம் தயாராக உள்ள ஓடருக்கே கொடுக்க வேண்டும். அப்படிப் பல ஓடர்கள் இருந்தால் அவற்றுக்குள் வரிசை பார்க்கலாம்.

இந்த விதிக்கு ஒரு காவல் வேண்டும். வரவிருப்பது என்று எதை எண்ணுவது? முகவரின் வாய்ச்சொல்லை எண்ணக் கூடாது. கப்பல் ஏறியதையும் எண்ணக் கூடாது. கொழும்புத் துறைமுகத்தில் சுங்கம் கழிந்த சரக்கை மட்டும் வரவாகக் கொண்டு, அதன் மேல் ஒருவரின் எஞ்சினை மற்றவருக்கு மாற்றலாம். அதைவிடத் தளர்ந்த அளவுகோலை வைத்தால் முதலாமவர் தன் பருவத்தை இழப்பார், பட்டறை தன் சொல்லை இழக்கும். மாற்றும்போது அவரிடம் சொல்லிவிடுவதும் விதியின் பகுதியே. களஞ்சியத்துக்குள் இரகசியமாக நடக்கும் ஒதுக்கீடு கரையில் இரகசியமாக இருக்காது.

மொத்த ஓடர் இந்த ஒழுங்கைச் சோதிக்கும். 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு நாட்டின் பட்டறைகளெல்லாம் அதைக் கண்டன. நிவாரண அமைப்புகள் நூற்றுக்கணக்கில் படகு கேட்டன; புதிய பட்டறைகள் முளைத்தன; ரெசினும் ஆட்களும் போதவில்லை. தரம் குறைந்த உடல்கள் பல வெளியேறின. சில இடங்களில் தேவைக்கு மேல் படகு சேர்ந்தது. பெரிய ஓடரை மறுப்பது எளிதல்ல. ஆனால் அச்சின் நாட்களிலும் எஞ்சின் வரவிலும் ஒரு பங்கைத் தனி ஆட்களுக்கு என்று முன்பே ஒதுக்கி வைத்து, மொத்த ஓடரைத் தவணைகளாக ஒப்புக்கொள்வது பட்டறைக்கும் கரைக்கும் நல்லது. நிவாரணம் ஓர் ஆண்டு வரும். பக்கத்து ஊர்க்காரர் முப்பது ஆண்டு வருவார்.

ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகில் பாகங்கள் தனித்தனியாக ஒதுக்கப்படுவதில்லை, தொகுதியாகவே ஒதுக்கப்படுகின்றன. உள்ளிணைப்பு டீசல் எஞ்சினின் வலுவும் கியர்பெட்டியின் விகிதமும் சேர்ந்தே சுழலியின் விட்டத்தையும் புரிச்சாய்வையும் தீர்மானிக்கும். எஞ்சின் படுக்கை அதற்கேற்பக் கட்டப்படும். கியர்பெட்டியை மட்டும் வேறு படகுக்கு மாற்றினால் மூன்று பாகமும் பொருந்தாமல் போகும். சட்டமும் சில வேளை புதிய பாகத்தைச் சேர்க்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை விதித்து 2016 நடுப்பகுதியில் நீக்கியது. அதையொட்டி ஆழ்கடல் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி கட்டாயமானது. புதிய படகுகளோடு கடலில் இருந்த படகுகளுக்கும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டது. இப்படிப்பட்ட கேள்வியை எந்தக் காப்பிருப்பும் தாங்காது. கருவி வராமலே மற்ற வேலை முடிய, அதன் கம்பிவழியையும் இருக்கையையும் முன்பே விட்டு வைப்பதுதான் பட்டறையால் ஆகக்கூடியது.

2022 பொருளாதார நெருக்கடி ஒதுக்கீட்டோடு விலையையும் கட்டிப்போட்டது. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மண்ணெண்ணெய்க்கு வரிசை நீண்டு படகுகள் கரையில் நின்றன. ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. பழைய விலையில் ஒப்புக்கொண்ட ஓடருக்குப் புதிய விலையில் எஞ்சின் வாங்க வேண்டிய நிலையில், எந்த எஞ்சின் யாருடையது என்று எழுதி வைக்காத இடங்களில் தீராத வழக்கு எழுவது இயல்பு. எஞ்சினின் தொடரிலக்கத்தை ஓடர் இலக்கத்தோடு எழுதும் நாளில் விலை நிலைக்கட்டும். இலக்கம் கட்டப்படாத ஓடருக்கு அன்றைய விலை என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளட்டும். இருவரையும் காக்கும் ஏற்பாடு இது.

இவ்வளவுக்கும் வேண்டிய கருவி ஒரு பேரேடுதான். ஒவ்வொரு பாகத்துக்கும் கையிருப்பு, ஒதுக்கியது, வரவிருப்பது, இன்னும் வாக்குக் கொடுக்கக்கூடியது என்று நாலு நிரல். பலர் முதல் நிரலை மட்டும் வைத்திருக்கிறார்கள். இராக்கையில் ஐந்து எஞ்சினைக் கண்டு ஆறாவது ஆளுக்கு வாக்குக் கொடுப்பது அதனால் வருகிறது. எஞ்சின் தொடரிலக்கத்தால் ஒதுக்கப்படும், ரெசின் வந்த தேதியால், போல்ட் எண்ணிக்கையால். ஒதுக்கீட்டுக்கும் ஒரு கடைசி எல்லை உண்டு. கடற்றொழில் திணைக்களத்தின் பதிவிலக்கம், சிலாபத்துக்கு சி.எச்.டபிள்யூ என்றோ புத்தளத்துக்கு பி.ரி.எம் என்றோ முடிய, உடலில் எழுதப்பட்ட பிறகு அந்தப் படகிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. அதற்கு முன் ஒரு படகிலிருந்து கழற்றி இன்னொன்றுக்குப் பூட்டினால், எடுத்த பாகம், எடுத்த நாள், திருப்பி வைக்கும் நாள் மூன்றும் பேரேட்டில் ஏற வேண்டும். ஏறாத கழற்றல் ஒவ்வொன்றும் ஒரு முடிந்த படகை முடியாத படகாக்கிவிட்டு, அதை யாருக்கும் சொல்லாமல் போகிறது.

பழுது பார்க்க வருகிறவர்களும் இதே இராக்கையிலிருந்துதான் கேட்பார்கள். சுழலி, வெட்டுப்பின், ஸ்பார்க் பிளக், இழுகயிறு, நீரிறைப்பான் தட்டு எல்லாம் புதிய பூட்டுக்கும் பழுதுக்கும் பொது. இங்கே பழுதுக்காரருக்கே முதலிடம். பருவத்தின் நடுவில் அவருடைய படகு கரையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் மூன்று நாலு வீட்டின் கூலி. புதிய படகோ இன்னும் யாருக்கும் சோறு போடத் தொடங்கவில்லை. ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை இந்தச் சிறு பாகங்களில் ஒரு குறைந்தபட்ச அளவைப் பழுதுக்கென்று தனி அலுமாரியில் பூட்டி வைத்து, பூட்டுப் பிரிவு அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் படகுகள் கரை ஏறியதும் அந்த அலுமாரியைத் திறந்து, மீந்ததைப் பொது இருப்பில் சேர்த்து, முழு எண்ணிக்கை எடுத்து, அடுத்த எஞ்சின் ஓடரை எழுதத் தொடங்கலாம்.